கையெழுத்து இல்லாத குரல்

அந்த லேப்டாப்பு மேல ஒட்டியிருக்கற லினக்ஸ் பெங்குயின் படத்தைப் பார்த்துட்டுத்தானுங்க தம்பி, ஜன்னல் சீட்டை விட்டுட்டு உங்க பக்கத்துல வந்து உக்கார்றேன். தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம பக்கத்து பஸ்ஸுல ஒரு லினக்ஸ்காரரைப் பார்க்கறதுங்கறது லேசுப்பட்ட காரியமா? பேச ஆளில்லாமக் கெடக்கறேன் நான். சித்தெ அதை மூடி வைங்க, வேலை எங்க ஓடிப்போகுது.

என்ற பேரு சென்னியப்பன். கோபியில சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல சர்வீஸ் முழுக்க ஓட்டிட்டு ரிட்டையர் ஆனவன். ‘கணினி முரசு’ன்னு ஒரு வலைப்பூ, பார்த்திருக்கீங்களா? பார்த்ததில்லையா. பரவால்லீங்க. ஓப்பன் சோர்ஸ் உலகத்துல எது நடந்தாலும், காப்பி ஆறறதுக்குள்ள அதுல தமிழ்ல போட்டுருவேன். எந்த லினக்ஸுல புதுப் பதிப்பு வந்துது, எந்தக் கம்பெனி எதை விழுங்குச்சு, எவன் எதைப் பூட்டி வெச்சான், எல்லாம் வரும். கீழ கருத்துச் சொல்றதுக்கு ஆளு கம்மிதான். ஆனா படிக்கறாங்க. படிக்காம இருக்க மாட்டாங்க.

சுதந்திர மென்பொருள்னா எனக்கு உசுருங்க. நீ இதைத்தான் பார்க்கணும், இப்படித்தான் பார்க்கணும்னு நமக்கு ஒருத்தன் சொல்றதாவது! அதுக்காகவே இத்தனை காலம் எல்லாரும் வெச்சிருந்த சிஸ்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு லினக்ஸுக்கு வந்தவன் நான்.

‘குரலி’ன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்களே? திரையில இருக்கற தமிழை வாய்விட்டுப் படிக்கும். கண்ணு தெரியாதவங்களுக்காகப் பண்ணுனது. நாமக்கல்லுக்காரப் பையன் ஒருத்தன், முகிலரசன்னு பேரு, ஆபீஸ் போயிட்டு வந்து மிச்ச நேரத்துல சம்பளமில்லாமப் பண்ணிட்டிருந்தான். ஆமாங்க, ‘இருந்தான்’தான். இப்பப் பண்ணலை. மூட்டையைக் கட்டிட்டான். கட்ட வெச்சது நாந்தான்.

அப்படிப் பார்க்காதீங்க தம்பி. முழுசாக் கேளுங்க.

என்ற சம்சாரத்துக்குக் கண்ணு தெரியாதுங்க. துளசிமணின்னு பேரு. சர்க்கரை வந்து மெல்ல மெல்ல எடுத்துட்டுப் போயிருச்சு. நல்லாப் படிச்சவ. பேப்பரை வாங்குனா மொதப் பக்கத்துல இருந்து வரி விளம்பரம் வரைக்கும் விடமாட்டா. கண்ணு போனதுக்கப்பறம் நாந்தானுங்க தினமும் பேப்பர் படிச்சுக் காட்டினேன். எல்லாத்தையும் படிக்க மாட்டேன். கொலை, கொள்ளை, சினிமாக்காரன் ரெண்டாங் கல்யாணம், அந்தக் கருமமெல்லாம் அவளுக்கு எதுக்கு? பட்ஜெட், கோர்ட்டுத் தீர்ப்பு, இந்த மாதிரி ஒரு மனுசிக்குத் தேவையானதாப் பொறுக்கிப் படிப்பேன். நடுவுல என்ற அபிப்பிராயத்தையும் சொல்வேன். “வேற ஒண்ணும் வரலீங்களா?”ன்னு கேப்பா. “ஒண்ணும் வரலை”ன்னுடுவேன். அப்பறம் குரலி வந்துச்சு. பொறுமையா உக்காந்து, கீபோர்டைத் தடவித் தடவி, ரெண்டே வாரத்துல தானாவே செய்தியைத் தேடிக் கேக்கப் பழகிட்டா. என்னத்தைக் கேக்கறான்னு பார்த்தா கொலை, சினிமா, ராசிபலன், தொடர்கதை. சரி தொலையுதுன்னு விட்டுட்டேன்.

ஏன் விட்டேன்னு கேளுங்க. குரலியில பேசுனது என்ற குரலுங்க தம்பி!

ஈரோட்டுல ஒரு காலேஜ்ல கூட்டம் போட்டு, “குரல் தானம் குடுங்க”ன்னு கேட்டான் முகிலரசன். ஆயிரக்கணக்குல வாக்கியம் எழுதி வெச்சிருந்தான். அதை ஒண்ணொண்ணாப் படிச்சுப் பதிவு பண்ணிக் குடுக்கணும். எல்லாரும் கையைக் கட்டிட்டு நின்னாங்க. நாந்தான் எந்திரிச்சேன். எதிரொலி வரக்கூடாதுன்னு ரூமுல சுவத்தோரம் மெத்தையை நிறுத்தி, ஃபேனை நிறுத்தி, கம்பளியைத் தலையோட போத்திக்கிட்டு, கோடை முழுக்க வேர்த்து ஒழுகப் படிச்சேனுங்க. துளசியை மிக்ஸி போட விடலை, குக்கர் வைக்க விடலை. பாவம், அம்மியில அரைச்சா, கண்ணு தெரியாதவ. முடிச்சதும் அனுமதிப் பத்திரம் ஒண்ணு குடுத்தான். ‘என் குரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்’னு. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு ரெண்டு பேர்கிட்டயும் வாங்கிக் குடுத்தேன். சாட்சியெல்லாம் வேண்டாங்கய்யான்னு சிரிச்சான். நம்ம வேலை அப்படித்தானுங்க.

ஊரெல்லாம் கண்ணு தெரியாதவங்க காதுல என்ற குரலு. அந்த நெனப்பே ஒரு தெம்பா இருந்துச்சு. துளசி மட்டும் ஒருக்கா, “எதைப் படிச்சாலும் கிரயப் பத்திரம் வாசிக்கற மாதிரியே இருக்குதுங்க”ன்னா. அது அவளோட கேலி. எப்பவும் அப்படித்தான் பேசுவா.

அப்பறம் ஒரு நாள் காலைல செய்தி பார்க்கறேன். ‘குரலி புதிய பதிப்பு, புதிய குரலுடன்.’ எனக்குத் திக்குன்னுச்சு. போட்டுப் பார்த்தா யாரோ ஒரு பொண்ணு பேசுது. நாகர்கோயில் பக்கத்து இழுவை லேசா எட்டிப் பார்க்குது. என்ற குரலு எங்கடான்னு தேடுனா, செட்டிங்ஸுக்குள்ள போயி, அதுக்குள்ள ஒரு பட்டியல்ல, கடைசில, ‘பழையது’ன்னு போட்டுக் கெடக்குது. பழையதுங்க தம்பி! சோறா நானு?

விடுவேனா? குரலியோட தளத்துலயே, குறையிருந்தா எழுதற பக்கத்துல, வழு அறிக்கை போட்டேன். ‘முதன்மைக் குரலை மாற்றியது தவறு’ன்னு தலைப்பு. காரணத்தை வரிசையா எழுதி, தேதி போட்டு, முறையா. பதில் வந்துச்சு. “ஐயா, உங்க உழைப்புக்கு என்னைக்கும் நன்றி. பார்வையில்லாத பயனர்கள்கிட்ட ஃபோன் போட்டுக் கேட்டோம். புதுக் குரல்தான் கேக்க எளிதா இருக்குன்னு சொல்றாங்க. உங்க குரலும் உள்ளேயே இருக்கு, வேணுங்கறவங்க மாத்திக்கலாம்.” அதுக்குக் கீழ, ‘மூடப்பட்டது’. அவ்வளவுதான். சர்வீஸ் முழுக்க எத்தனை பேரு மனுவை நான் மூடியிருப்பேன்! என்ற மனுவை ஒருத்தன் மூடறதாவது!

“யார்கிட்டக் கேட்டானாமா? எவளோ நாலு பேரு சொன்னாங்களாம்”னு வீட்டுல கத்திட்டிருந்தேன். துளசி வெண்டைக்காய் நறுக்கிட்டிருந்தா. தலையத் தூக்காமச் சொல்றா, “என்கிட்டயும் கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“உள்ளதைச் சொன்னேன்.”

பாருங்க, வெளியூர்ல இருந்து ஃபோன் போட்டு ஒரு பொம்பளையைக் குழப்பி விட்டிருக்கான். அந்த நிமிசம் முடிவு பண்ணிட்டேன். இவனைச் சும்மா விடறதில்லைன்னு.

மொதல்ல ‘கணினி முரசு’ல எழுதினேன். ‘குரலியின் வீழ்ச்சி’ன்னு தொடர். ஒருத்தரும் சட்டை பண்ணலை. எந்தத் தளத்துல குரலியைப் பத்திச் செய்தி வந்தாலும் கீழ போயிக் கருத்துப் போட்டேன். “இந்தப் பெரியவருக்கு வேற வேலையே இல்லையா”ன்னு ஒருத்தன் எழுதறான். அதுக்கு நூறு பேரு லைக்கு. வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுன மாதிரி இருந்துச்சு. சோறு எறங்கலை.

சரி, நமக்குத் தெரிஞ்ச வழியில போவோம்னு உக்காந்தேன். ஓப்பன் சோர்ஸ்ல ஒரு வசதி இருக்குதல்லங்க தம்பி? எல்லாம் திறந்து கெடக்கும். எவனோட அடுப்பங்கரைக்குள்ளயும் போயிச் சட்டியைத் தூக்கிப் பார்க்கலாம். குரலியோட மூலக் கோப்பு மொத்தத்தையும் இறக்கி, வில்லங்கம் பார்க்கற மாதிரி ஒவ்வொரு ஃபோல்டராப் பார்த்தேன். என்ற குரலு இருக்கற ஃபோல்டர்ல, என்ற அனுமதிப் பத்திரம், கையெழுத்தோட, சாட்சியோட, ஜம்முன்னு இருக்குது. அந்தப் பொண்ணோட ஃபோல்டரைத் திறந்தேன். பதிவு மட்டும்தான் இருக்குது. பத்திரம் இல்லை. கையெழுத்து இல்லை. ‘சுபிஜா, பயிற்சிப் பட்டறையில் பதிவு செய்தது’ன்னு ஒத்தை வரி. அவ்வளவுதானுங்க.

எனக்கு அப்படியே உச்சி குளுந்து போச்சு தம்பி. பொய் சொல்லலை. எந்திரிச்சுப் போயி ஒரு சொம்பு மோர் குடிச்சுட்டு வந்து உக்காந்தேன்.

முகிலரசன்கிட்ட சொல்லலை. எதுக்குச் சொல்லணும்? குரலியைத் தங்க தொகுப்புல சேர்த்து ஊருக்கெல்லாம் குடுக்கற லினக்ஸ்காரங்களுக்கே நேரா எழுதினேன். உரிமப் பத்திரம் இல்லாத ஒலிப்பதிவை உங்க தொகுப்புல வெச்சிருக்கீங்க, சுதந்திரமில்லாத பொருளுன்னு. அங்க இருக்கறவங்களும் நம்மளை மாதிரித்தானுங்க, பத்திரம் இருந்தா உள்ள, இல்லைன்னா வெளிய. இந்தத் தேதிக்குள்ள பத்திரம் கொண்டா, இல்லாட்டி எடுன்னு அவனுக்கு எழுதிட்டாங்க.

பையன் ஆடிப் போயிட்டான். அந்தப் பொண்ணு எப்பவோ பட்டறைக்கு வந்துச்சாம், வாய் வார்த்தையா “எடுத்துக்கோங்க”ன்னு சொல்லிப் பதிவு பண்ணிக் குடுத்துட்டுப் போச்சாம். அப்பறம் கல்யாணம் ஆயி நம்பரெல்லாம் மாறிப் போச்சாம். “சுபிஜாவை யாருக்காவது தெரியுமா, தெரிஞ்சா சொல்லுங்க”ன்னு எல்லாப் பக்கமும் போட்டுட்டுக் கெடந்தான். எனக்கே ஃபோன் பண்ணுனான். “ஐயா, தப்பு என்னோடதுதான். கொஞ்சம் டைம் குடுக்கச் சொல்லி நீங்க ஒரு வரி எழுதினா அவங்க கேப்பாங்க. அம்மாவுக்காகவாவது எழுதுங்கய்யா”ன்னான். அம்மான்னா துளசி. எப்படி வருது பாருங்க பேச்சு! “விதின்னா எல்லாருக்கும் விதிதான் தம்பி”ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். ‘குரலியில் உரிமமற்ற குரல்: கணினி முரசு அம்பலம்’னு அன்னைக்கே செய்தி போட்டேன். இந்தத் தடவை நல்லாப் படிச்சாங்க. கீழ என்ற ஃபோன் நம்பரையும் போட்டிருந்தேன், பாராட்டறவங்க பாராட்டட்டும்னு.

அடுத்த பதிப்பு அந்தப் பொண்ணு குரல் இல்லாமத்தான் வந்துச்சு. எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் பொட்டியிலயும் மொதல் வேலையா அதைப் போட்டேன். காலைல துளசி வந்து உக்காந்தா. பட்டனை அமுத்துனா. “வணக்கம். இன்றைய செய்திகள்”னு என்ற குரலு கம்பீரமா வருது. கீபோர்டுல இருந்து கையை எடுத்துட்டா.

“அந்தப் புள்ள எங்கீங்க?”ன்னா.

விவரத்தைச் சொன்னேன். “நம்ம பொட்டியில மட்டும் பழையபடி போட்டுக் குடுங்க, யாருக்குத் தெரியப் போகுது?”ன்னா. உரிமம் இல்லாததை என்ற வீட்டுல வைக்கறதா? நாளைக்கு எவனாவது கேட்டா எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் பதில் சொல்றது? முடியாதுன்னுட்டேன். அன்னையில இருந்து அவ அந்தப் பொட்டிகிட்ட வரலீங்க. காலைலயே தூக்கம் வருதுங்கறா. வயசாகுதல்ல, அலுப்பா இருக்கும்.

இதுக்கு நடுவுல நடந்ததுதான் கேக்கணும் நீங்க. நான் குளிச்சுட்டு வர்றேன், துளசி என்ற ஃபோனைக் காதுல வெச்சுட்டு நின்னுட்டிருக்கா. முகமெல்லாம் ஒரே வெளிச்சம். “நீ எங்க கம்ப்யூட்டருப் புள்ளதானே? எனக்குத் தெரியாதா கண்ணு உன்ற குரலு? தினமும் கேட்டவ நானு”ன்னு பேசிட்டிருக்கா. எனக்கு ஈரத்துண்டோட குளுரு அடிச்சுது. ஃபோனைப் புடுங்குனேன்.

“சார், நான் சுபிஜா, மார்த்தாண்டத்துல இருந்து பேசுதேன். உங்க செய்தியை என் கூட வேலை பாக்குற டீச்சர் காட்டினாங்க. அது என் குரலுதான். நான் சம்மதிச்சுத்தான் குடுத்தேன். எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, இப்பவே போட்டு அனுப்புதேன். முகிலரசன் சார் நம்பர் இருந்தாலும் தாங்க.”

நல்ல பொண்ணுதான். மரியாதையாத்தான் பேசுச்சு. ஆனா பாருங்க தம்பி, இந்த ஒரு ஃபோனை அந்தப் பையனுக்குத் தள்ளி விட்டா, எல்லாம் பழையபடி ஆயிரும். அந்தப் பொண்ணு மேல போயிரும், நான் மறுபடியும் பட்டியல்ல கடைசில போயி உக்காரணும். ஆபீஸ்ல எத்தனை பேருகிட்டச் சொன்ன வார்த்தை, நாக்குல தானா வந்துச்சு. “தேதி முடிஞ்சு போச்சும்மா. இனி ஒண்ணும் பண்ண முடியாது.” அவ்வளவுதான் சொன்னேன். வெச்சுட்டேன்.

துளசி பக்கத்துலயேதான் நின்னா. “தேதி முடிஞ்சுதுங்களா?”ன்னா. “முடிஞ்சுது”ன்னேன். என்ற முகத்தைப் பார்த்தா, பார்க்கறதுன்னா, என்ற பக்கமாத் திரும்பி நின்னா. உள்ள போயிட்டா.

கொஞ்ச நாள்ல முகிலரசன் அறிவிப்புப் போட்டான். மனசு விட்டுப் போச்சு, குரலியை இத்தோட நிறுத்திக்கறேன், ஃபோன் நம்பரையும் மாத்திட்டேன், யாரும் தேட வேண்டாம்னு. படிச்சுட்டு வீட்டுக்குள்ள நாலு நடை நடந்தேன். ஒரு பெரிய கேஸை ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. ‘மூடப்பட்டது’ன்னு ஒத்தை வார்த்தையைத் தலைப்பாப் போட்டுச் செய்தி எழுதினேன். அவன் எனக்குப் போட்ட அதே வார்த்தை! படிச்சிருப்பான். படிச்சு எரிஞ்சிருப்பான்.

இத்தோட முடிஞ்சிருந்தா நான் ஏன் இந்த வேகாத வெயில்ல பஸ் ஏறப் போறேன்?

கொஞ்ச நாளா துளசி காலைல ரூமுக்குள்ள போயித் தாழ்ப்பாள் போட்டுக்கறா. தூங்கறாளாக்கும்னு நெனச்சேன். நேத்து அந்தப் பக்கம் போறேன், உள்ள ஒரே சிரிப்புச் சத்தம். துளசி சிரிக்கறா தம்பி. வாய்விட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறா. அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டு எத்தனையோ வருசம் ஆச்சுங்க. கதவுல காதை வெச்சேன். ஃபோன்ல ஒரு பொண்ணு பேப்பர் படிக்குது. திருச்செந்தூர்ல எவனோ மாமியாரோட மாட்டைத் திருடிட்டு மாட்டிக்கிட்டானாம். துளசி “அடப்பாவி”ங்கறா, ஃபோனுக்குள்ள இருந்து இன்னும் நாலஞ்சு பேரு சிரிக்கறாங்க. அந்த இழுவையை நான் எங்க கேட்டாலும் கண்டுபுடிச்சுருவேனுங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. மறைக்கறதுக்கென்ன, பத்திக்கிட்டு எரிஞ்சுது.

கதவு திறந்ததும், “யாரு புள்ள அது?”ன்னேன்.

“சுபிஜா”ன்னா. கொஞ்சமும் ஒளிக்கலை. “அன்னைக்கு நீங்க வர்றதுக்குள்ளயே நம்பரைச் சொல்லிருச்சு. மனசுல வெச்சுக்கிட்டேன். மேல் வீட்டுச் சாந்தாமணிதான் போட்டுக் குடுத்தா. பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தி அந்தப் புள்ள படிச்சுக் காட்டுது. எனக்கு மட்டுமில்லை. மதுரையில ஒரு அம்மா, தஞ்சாவூர்ல ஒரு வாத்தியாரு, இன்னும் பல பேரு. குரலி இல்லாம உக்காந்திருந்தவங்க எல்லாரும் சேர்ந்து ஒரே லைன்ல கேக்கறோம்.”

“ஒரே வீட்டுல இருக்கறேன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமல்ல? நானும் வந்து உக்காந்திருப்பேனல்ல?” வாய் தவறி வந்துருச்சுங்க தம்பி. நான் கேக்கணும்னு நெனச்சது அதில்லை.

“உங்களையும் சேர்த்துக்கலாமான்னு அந்தப் புள்ளதான் கேட்டுச்சு”ன்னா. “நாந்தான் வேண்டாம்னேன்.”

சொல்லிட்டுச் சுவத்தைத் தடவிக்கிட்டே அடுப்பங்கரைக்குப் போயிட்டா. என்ன கல்நெஞ்சு பாருங்க. கம்பளிக்குள்ள வெந்து அவளுக்காகப் படிச்சவன் நானு. அவளுக்காகத்தானே படிச்சேன்?

அதான் கிளம்பிட்டேன். கோயமுத்தூர்ல அந்தப் பேப்பர் ஆபீஸுக்குத்தான் போறேன். அச்சடிச்ச பேப்பரை அனுமதி வாங்காம ஊருக்கெல்லாம் ஃபோன்ல வாசிச்சுக் காட்டலாமா? பேப்பர்காரன் எழுதிக் குடுத்தானா? கையெழுத்து இருக்குதா? தொடர்கதை எழுதினவன் குடுத்தானா? மனுவைத் தெளிவா எழுதிப் பையில வெச்சிருக்கறேன். ஒரு சந்தேகம் மட்டும் இருக்குது, நீங்க இந்த உலகத்துல புழங்கறவரு, சொல்லுங்க. ஒருத்தி வாய்ல படிக்கறதை இன்னொருத்தி காதுல கேக்கறதைத் தடுக்கறதுக்குச் சட்டத்துல இடம் இருக்குதுங்களா? எங்கயாவது இருக்கும். இருந்தே ஆகணும்.

ஏனுங்க தம்பி, நான் பேசிட்டிருக்கறப்ப எதுக்குங்க அந்த வயரை எடுத்துக் காதுல மாட்டறீங்க?